‘ப்ரோக்ரஸ்’ என்ற சொல்: பழைய வடாற்காடு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பிள்ளைகளின் பள்ளி ரிப்போர்ட், சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஃபைல், வீட்டு லோன் பேப்பர், டேனரியின் ஸ்டாக் கணக்கு, ஆன்லைன் மனுவின் நிலை என்று எதைப் பிரித்தாலும் ‘ப்ரோக்ரஸ்’ என்ற சொல்லோ அதன் பங்காளிச் சொற்களோ கண்ணில் படுகின்றன. ஒரே சந்தேகம் பல பேரிடமிருந்து வந்துகொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்; வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவர்கள் நேராக 18-ஆம் கேள்விக்குப் போகலாம். முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

1. ப்ரோக்ரஸ்னா இன்னா? முன்னேற்றம்தானே, அவ்ளோதானே?

பெரும்பாலும் முன்னேற்றம்தான். ஆனால் அதோடு முடிவதில்லை. சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: முன்னோக்கி அடியெடுத்து வைப்பது. காங்கிரஸ், கிரேடு, கிராஜுவல் எல்லாம் இதே வேரில் கிளைத்த சொற்கள்தான். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் கோடைக்காலத்தில் ஊர் ஊராகப் போய்வந்த பயணங்களுக்குக்கூட ‘ராயல் ப்ரோக்ரஸ்’ என்றே பெயர். அங்கே யாரும் எதிலும் முன்னேறவில்லை. அரசி நகர்ந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆக, முன்னே நகர்வதுதான் இந்தச் சொல்லின் அடிப்படை. அதிலிருந்து மூன்று பொருள் பிரிகிறது. ஒன்று, முன்பைவிடத் தேறுவது. இரண்டு, ஒரு வேலை நடந்துகொண்டிருப்பது. மூன்று, ஒன்று அடுத்த கட்டத்துக்குப் போவது. இந்த மூன்றாவதில் நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு கிடையாது. படிப்பு அடுத்த கட்டத்துக்குப் போனால் நமக்குச் சந்தோஷம், நோய் போனால் கவலை. எனவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நகர்வது எது? கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

2. சிலர் ப்ரோக்ரஸ்ங்கறாங்க, சிலர் ப்ராக்ரஸ்ங்கறாங்க. எது கரெக்ட்டு?

இரண்டும் சரி. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘ப்ரோ’, அமெரிக்க உச்சரிப்பில் ‘ப்ரா’. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது அழுத்தம் எங்கே விழுகிறது என்பதுதான். பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம்: ‘ஹர் ப்ரோக்ரஸ் இஸ் ஸ்லோ’. வினைச்சொல்லாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய், முதல் அசை ‘ப்ர’ என்று சுருங்கிவிடும்: ‘த வொர்க் இஸ் ப்ரக்ரெஸ்ஸிங்’. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் தினமும் புழங்கும் ‘எக்ஸ்போர்ட்’டும் இதே விதிதான். தொழிலின் பெயராகச் சொன்னால் ‘எக்ஸ்’ அழுந்தும், ‘நாங்கள் ஏற்றுமதி செய்கிறோம்’ என்று வினையாகச் சொன்னால் ‘போர்ட்’ அழுந்தும். தமிழில் இப்படி அழுத்தத்தால் சொல் வகை மாறுவதில்லை என்பதால் இது நம் காதுக்குப் புதிது. மாறிப் போனாலும் கேட்பவருக்குப் புரியும். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் பழகிக்கொள்வது நல்லது.

3. ‘ஏ ப்ரோக்ரஸ்’னு எழுதினா மிஸ் சுழிச்சிட்டாங்க. ஏன் சார்?

ஆங்கிலத்தில் இது எண்ண முடியாத பெயர்ச்சொல். தண்ணீரை எப்படி ‘ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர்’ என்று சொல்வதில்லையோ அப்படி. ‘ஏ குட் ப்ரோக்ரஸ்’ தவறு, ‘குட் ப்ரோக்ரஸ்’ சரி. ‘மெனி ப்ரோக்ரஸஸ்’ தவறு, ‘மச் ப்ரோக்ரஸ்’ அல்லது ‘ஏ லாட் ஆஃப் ப்ரோக்ரஸ்’ சரி. ‘ஏ லாட்’ என்பதில் இருக்கும் ‘ஏ’ அந்த ‘லாட்’டுக்குச் சொந்தம், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

‘ஷி ப்ரக்ரெஸஸ் வெல்’ என்பதில் கடைசியில் ஒட்டும் ஒலி வினைச்சொல்லுக்கானது. அது சரிதான்.

4. ‘ஹி டிட் குட் ப்ரோக்ரஸ்’னு சொல்லலாமா?

கூடாது. ப்ரோக்ரஸோடு சேரும் வினை ‘மேக்’. ‘ஹி மேட் குட் ப்ரோக்ரஸ்’, ‘ஷி இஸ் மேக்கிங் ஸ்லோ ப்ரோக்ரஸ்’. தமிழில் ‘செய்’ என்ற ஒரே வினையால் எல்லாவற்றையும் ஓட்டிவிடுவதால் ‘டூ’ வாயில் வந்துவிடுகிறது. ‘காட்டுகிறான்’ என்ற பொருளில் ‘ஷோ’ சேரும்: ‘ஹி ஹஸ் ஷோன் ப்ரோக்ரஸ்’. ‘காட் ப்ரோக்ரஸ்’ வேண்டாம்.

5. அதுக்கப்புறம் ‘இன்’ போடறதா, ‘ஆன்’ போடறதா?

பாடத்துக்கும் திறமைக்கும் ‘இன்’: ‘ப்ரோக்ரஸ் இன் மேத்ஸ்’. கையில் இருக்கும் குறிப்பிட்ட வேலைக்கு ‘ஆன்’ அல்லது ‘வித்’: ‘ப்ரோக்ரஸ் ஆன் த பிரிட்ஜ்’. போய்ச் சேர வேண்டிய இலக்குக்கு ‘டுவர்ட்ஸ்’. யாருடைய, எதனுடைய என்று சொல்ல ‘ஆஃப்’: ‘த ப்ரோக்ரஸ் ஆஃப் த பேஷன்ட்’.

6. ‘லிட்டில் ப்ரோக்ரஸ்’னு டீச்சர் எழுதியிருக்காங்க. கொஞ்சமாவது தேறியிருக்கான்னுதானே அர்த்தம்?

இல்லை. ‘லிட்டில் ப்ரோக்ரஸ்’ என்றால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று பொருள். ‘ஏ லிட்டில் ப்ரோக்ரஸ்’ என்று எழுதியிருந்தால்தான் கொஞ்சம் தேறியிருக்கிறான். ஓர் ‘ஏ’ விட்டுப்போனால் பொருள் அப்படியே புரண்டுவிடும். 3-ஆம் பதிலில் சொன்ன விதி இங்கே மீறப்படவில்லை. ‘ஏ லிட்டில்’ என்பதும் ‘ஏ லாட்’ போல அளவைச் சொல்லும் தொடர்தான்.

7. ப்ரோக்ரஸ் கார்டுல ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ன்னு இருக்கு. சந்தோஷப்படலாமா?

‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்றால் ‘போதும்’ என்ற அளவு, பாராட்டு இல்லை. ‘ஸ்டெடி ப்ரோக்ரஸ்’ என்றால் வேகம் இல்லாவிட்டாலும் சீராகப் போகிறான் என்று பொருள். மார்க் குறைவாக உள்ள பிள்ளைக்கு இது வந்தால் உண்மையிலேயே நல்ல சேதி. ‘கேன் டூ பெட்டர்’ என்பது திறமை இருக்கிறது, உழைப்புப் போதவில்லை என்பதை நாசூக்காகச் சொல்வது. ‘நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்று இருந்தால் ஆசிரியரை நேரில் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் இதையே ‘ரேங்க் கார்டு’ என்றும் சொல்கிறோம். அதனால் பெரிய குழப்பம் வருகிறது. ரேங்க் என்பது மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் பிள்ளை நிற்கும் இடம். ப்ரோக்ரஸ் என்பது அந்தப் பிள்ளை முன்பு நின்ற இடத்திலிருந்து நடந்த தூரம். காலாண்டில் 35 வாங்கி அரையாண்டில் 52 வாங்கிய பிள்ளைக்கு ரேங்க் மாறாமலே இருக்கலாம், ஆனால் அதன் ப்ரோக்ரஸ் பெரியது. எப்போதும் 92-இல் நிற்கும் பிள்ளைக்கு ரேங்க் உண்டு, ப்ரோக்ரஸ் குறைவு. கார்டைப் பார்க்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கார்டோடு வைத்துப் பார்க்காமல், அதே பாடத்தின் முந்தைய பரீட்சை மார்க்கோடு வைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் எல்லாப் பரீட்சை மார்க்கையும் ஒரே அட்டையில் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பள்ளிக்கு எழுதும்போது ‘ப்ரோக்ரஸ் கார்டு’ என்பதைவிட அமெரிக்காவுக்கு ‘ரிப்போர்ட் கார்டு’, இங்கிலாந்துக்கு ‘ஸ்கூல் ரிப்போர்ட்’ என்று எழுதினால் உடனே புரியும்.

8. பையன் ஏழாவதுக்குப் போயிட்டான். ‘காட் ப்ரோக்ரஸ் டு செவன்த்’ சரியா?

சரியில்லை. வகுப்பு ஏறினாலும் வேலையில் பதவி ஏறினாலும் சொல் ‘ப்ரொமோட்’: ‘ஹி ஹஸ் பீன் ப்ரொமோட்டட் டு செவன்த் ஸ்டாண்டர்ட்’. ப்ரொமோஷனை இன்னொருவர் கொடுக்க வேண்டும். ப்ரோக்ரஸ் தானாக நடப்பது.

9. ரோடு வேலை நடந்துகினு இருக்குன்னு போர்டு வைக்கணும். ‘வொர்க் அண்டர் ப்ரோக்ரஸ்’ போட்டுடலாமா?

‘வொர்க் இன் ப்ரோக்ரஸ்’ என்று போடுங்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டாம் பொருளுக்கு எப்போதும் ‘இன்’தான். ‘அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன்’, ‘அண்டர் ரிப்பேர்’ என்று பார்த்துப் பழகியதால் ‘அண்டர் ப்ரோக்ரஸ்’ வந்துவிடுகிறது. ‘அண்டர்’ வேண்டும் என்றால் ‘அண்டர் வே’ என்று எழுதலாம், அது சரியான ஆங்கிலம்.

‘எக்ஸாம் இன் ப்ரோக்ரஸ்’, ‘மீட்டிங் இன் ப்ரோக்ரஸ்’ என்பவையும் இதே வகை. இங்கே தேறுவது பற்றிப் பேச்சே இல்லை. உள்ளே நடக்கிறது, கதவைத் தட்டாதீர்கள் என்றுதான் பொருள்.

10. பட்டா மனு போட்டோம். ஆன்லைன்ல ஒருநாள் ‘அண்டர் ப்ராசஸ்’னு காட்டுது, ஒருநாள் ‘இன் ப்ரோக்ரஸ்’னு காட்டுது. ரெண்டும் ஒண்ணா?

‘ப்ராசஸ்’ என்பது செயல்முறை, வரிசையாகச் செய்ய வேண்டிய படிகள். ‘ப்ரோக்ரஸ்’ என்பது அந்தப் படிகளில் நகர்வது. வாணியம்பாடி டேனரி ஒன்றை எடுத்துக்கொண்டால், தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, பதனிட்டு எடுப்பது ப்ராசஸ். இன்றைக்கு எத்தனை ட்ரம் முடிந்தது என்பது ப்ரோக்ரஸ்.

மனுவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மனுவை வாங்கிக்கொண்டார்கள், இன்னும் முடிவு எடுக்கவில்லை. ‘இன் ப்ரோக்ரஸ்’ என்பதைப் பார்த்து முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் தேதியும் இல்லை, அளவும் இல்லை. யாரிடம் மனு நிற்கிறது என்று காட்டும் வரியைத்தான் பார்க்க வேண்டும்: கிராம நிர்வாக அலுவலரா, சர்வேயரா, தாலுகா அலுவலகமா என்று. விசாரிக்கப் போகும்போது அந்த வரியையும் மனு எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். நீங்களே கடிதம் எழுதினால் ‘மை அப்ளிகேஷன் இஸ் பீயிங் ப்ராசஸ்ட்’ என்பது நல்ல நடை.

11. வீட்டு லோனுக்கு பேங்க்ல ‘வொர்க் ப்ரோக்ரஸ்’ கேக்கறாங்க. இன்னா எழுதிக் குடுக்கறது?

வீடு கட்டும் கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள். கட்டடம் ஏற ஏறத் தவணையாக விடுவார்கள். அதனால் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு எழுத்து ஆதாரம் கேட்கிறார்கள். பெரும்பாலும் இன்ஜினியர் கையெழுத்திட்ட சான்றும் போட்டோவும் வேண்டும். ‘வேலை நல்லா போகுது’ என்ற பொருளில் ‘வொர்க் இஸ் இன் குட் ப்ரோக்ரஸ்’ என்று எழுதினால் பேப்பர் திரும்பி வரும்.

மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுங்கள். முடிந்தவை ‘கம்ப்ளீட்டட்’: கடக்கால், பேஸ்மட்டம், லிண்டல், மேல்தளம் என்று எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை. நடப்பவை ‘இன் ப்ரோக்ரஸ்’: உதாரணமாகப் பூச்சு வேலை. தொடங்காதவை ‘யெட் டு ஸ்டார்ட்’: டைல்ஸ், பெயின்ட். தவணை முடிந்த கட்டத்துக்குத்தான் கிடைக்கும். சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டியிருக்கிறது, இன்னும் கான்கிரீட் போடவில்லை என்றால் மேல்தளம் ‘இன் ப்ரோக்ரஸ்’ தான். அதை ‘கம்ப்ளீட்டட்’ என்று எழுதி, பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டால் அடுத்த தவணை தள்ளிப்போகும்.

12. டேனரி கணக்குல ‘வொர்க் இன் ப்ரோக்ரஸ்’னு ஒரு தலைப்பு இருக்கு. வெட் ப்ளூவை அதுல போடறதா, ஃபினிஷ்டு குட்ஸ்ல போடறதா?

கம்பெனிச் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணைப்படி பேலன்ஸ் ஷீட்டில் சரக்கிருப்பைக் காட்டும்போது மூலப்பொருள், வொர்க் இன் ப்ரோக்ரஸ், முடிந்த சரக்கு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். வேலை தொடங்கி, விற்கும் நிலைக்கு வராமல் நடுவில் நிற்பதெல்லாம் வொர்க் இன் ப்ரோக்ரஸ்.

குரோமில் பதனிட்டு, இன்னும் ஈரமாக நீல நிறத்தில் இருக்கும் தோல்தான் வெட் ப்ளூ. அது எங்கே போகும் என்பது உங்கள் டேனரி எதை விற்கிறது என்பதைப் பொறுத்தது. பச்சைத்தோலை வாங்கிக் குரோம் பதனிட்டு, வெட் ப்ளூவாகவே விற்பவருக்கு அது முடிந்த சரக்கு. அதையே சாயம் ஏற்றி, உலர்த்திக் கிரஸ்ட் ஆக்கி, ஃபினிஷ் செய்து ஷூ கம்பெனிக்குக் கொடுப்பவருக்கு அது நடுவழியில் இருக்கும் சரக்கு. வெளியிலிருந்து வெட் ப்ளூவாகவே வாங்கி, இன்னும் தொடாமல் வைத்திருப்பவருக்கு அது மூலப்பொருள். தோல் ஒன்றுதான், மூன்று முதலாளிகளிடம் மூன்று தலைப்பு. ஃபினிஷ் செய்யும் இடத்தில் பாதி வேலையான தோலை முடிந்த சரக்காகக் காட்டினால், செய்யாத வேலையின் செலவும் மதிப்பில் ஏறிவிடும்; லாபம் பொய்யாகக் கூடித் தெரியும்.

புதிய ஷெட் பாதி கட்டி நிற்கிறது என்றால் அது இந்தத் தலைப்பில் வராது. அதற்கு ‘கேப்பிட்டல் வொர்க் இன் ப்ரோக்ரஸ்’ என்று நிலைச் சொத்துகள் பக்கம் தனி வரி இருக்கிறது.

13. ‘ஐ ப்ரக்ரெஸ்ட் மை இங்கிலீஷ்’ தப்பா?

தப்பு. பொதுவான ஆங்கிலத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் வராது. ஒன்று தானாக ‘ப்ரக்ரெஸ்’ ஆகும். நாம் ஒன்றை ‘ப்ரக்ரெஸ்’ செய்வதில்லை. ‘மை இங்கிலீஷ் ஹஸ் இம்ப்ரூவ்ட்’ அல்லது ‘ஐ ஹாவ் மேட் ப்ரோக்ரஸ் இன் இங்கிலீஷ்’ என்று சொல்லுங்கள். பிரிட்டிஷ் ஆபீஸ் கடிதங்களில் ‘வீ வில் ப்ரக்ரெஸ் த மேட்டர்’ என்று, விஷயத்தை மேலே நகர்த்துகிறோம் என்ற பொருளில் எழுதுவார்கள். அது அலுவலக நடை. பரீட்சையில் எழுத வேண்டாம்.

14. பிஎச்.டி.க்கு ஆறு மாசத்துக்கு ஒருதபா ப்ரோக்ரஸ் ரிப்போர்ட் கேக்கறாங்க. ஆராய்ச்சி ஒண்ணும் நகரலையே, இன்னா எழுதறது?

யு.ஜி.சி. விதிகளின்படி ஆய்வாளர் ஆலோசனைக் குழு முன் அவ்வப்போது தன் வேலையின் நிலையைச் சொல்ல வேண்டும். 2016 விதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இருந்தது, 2022 விதியில் ஒவ்வொரு செமஸ்டரிலும். சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ வி.ஐ.டி.யோ, நீங்கள் எங்கே படித்தாலும் படிவத்தின் வடிவம் மாறும், உள்ளடக்கம் ஒன்றுதான்.

போன ரிப்போர்ட்டில் ‘அடுத்து இதைச் செய்வேன்’ என்று எழுதிய பட்டியலை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே முடிந்தது, நடக்கிறது, தொடங்கவில்லை என்று எழுதுங்கள். தொடங்காததற்குக் காரணம் ஒரு வரியில். மாதிரி கிடைக்கவில்லை, கருவி பழுது, முதல் முறை பலிக்கவில்லை என்று உள்ளபடியே எழுதலாம். ஒரு முறை பலிக்காது என்று கண்டுபிடித்ததும் நகர்வுதான்; அதை மறைத்துப் பக்கத்தை நிரப்புகிறவர்கள்தான் அடுத்த கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ‘நோ ப்ரோக்ரஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு விடாதீர்கள். என்ன தடை, அதை எப்படித் தாண்டப் போகிறோம் என்ற இரண்டு வரி அதோடு வர வேண்டும்.

15. இம்ப்ரூவ்மென்ட், டெவலப்மென்ட், க்ரோத், அட்வான்ஸ்மென்ட். எல்லாம் ஒரே அர்த்தம்தானே சார்?

இல்லை. ‘இம்ப்ரூவ்மென்ட்’ தரம் கூடுவது. அதில் நல்லது என்ற தீர்ப்பு உள்ளேயே இருக்கிறது. ‘க்ரோத்’ அளவு கூடுவது. ‘டெவலப்மென்ட்’ இல்லாதது உருவாகி விரிவது. ப்ரோக்ரஸ் ஒரு பாதையில் எதுவரை வந்தோம் என்பது. 1984-இல் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியாகத் தொடங்கி இன்று பெரிய பல்கலைக்கழகமாக நிற்கும் வி.ஐ.டி.யின் மாணவர் எண்ணிக்கை கூடியது ‘க்ரோத்’. காட்பாடி சாலை அதனால் மாறிப்போனது ‘டெவலப்மென்ட்’. அதே சாலையில் பாலம் ஒன்று கட்டினால், எத்தனை தூண் எழும்பியிருக்கிறது என்பது ‘ப்ரோக்ரஸ்’.

‘அட்வான்ஸ்மென்ட்’ பதவி, அறிவுத்துறை போன்றவை உயர்வதைச் சொல்வது. ‘கேரியர் அட்வான்ஸ்மென்ட்’ என்று ரெஸ்யூமில் வரும். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் ‘அட்வான்ஸ்’ முன்பணம். ‘இன் அட்வான்ஸ்’ என்றால் முன்கூட்டியே. ‘அட்வான்ஸ்ட் கோர்ஸ்’ உயர்நிலைப் பாடம். ஆனால் ‘அட்வான்ஸ்ட் ஸ்டேஜ்’ என்று ஆஸ்பத்திரிப் பேப்பரில் இருந்தால் நோய் முற்றிய நிலை. அங்கே இந்தச் சொல்லும் ப்ரோக்ரஸ் போலவே நடந்துகொள்கிறது.

16. கட்சி பேருல ‘முன்னேற்றக்’னு வருதே, அதுவும் ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’னு சொல்றதும், கண்ணாடிக் கடையில ‘ப்ரோக்ரஸ்ஸிவ் லென்ஸ்’னு சொல்றதும் ஒண்ணா?

வேர் ஒன்று, வேலை வேறு. அரசியலில் ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’ என்றால் சமூகம் மாற வேண்டும் என்ற நிலைப்பாடு, தமிழில் முற்போக்கு. 1949-இல் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் பெயரை ஆங்கிலத்தில் விளக்கும்போது ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’ என்ற சொல் வரும். ஆனால் பெயராக எழுதும்போது தமிழ்ப் பெயரையே எழுத வேண்டும், மொழிபெயர்க்கக் கூடாது. வருமான வரியில் ‘ப்ரோக்ரஸ்ஸிவ் டாக்ஸ்’ என்றால் வருமானம் ஏற ஏற வரி விகிதமும் படிப்படியாக ஏறுவது.

கண்ணாடியில் ‘படிப்படியாக மாறுவது’ என்ற பொருள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்போது கொடுப்பது. மேல்பகுதி தூரத்துக்கு, நடுப்பகுதி கம்ப்யூட்டர் தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு. நடுவில் கோடு இருக்காது. பக்கவாட்டில் சற்று மங்கும் என்பதால் கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். படி இறங்கும்போது முகவாயைத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் படி மிதப்பது போலத் தெரியும். ஃப்ரேமை முகத்தில் மாட்டிக் கருவிழிக்கு நேரே குறி போட்டு அளக்காமல் செய்த லென்ஸ் சரியாக அமையாது.

17. பத்தாவது கணக்குல 50, 45, 40னு குறைஞ்சிகினே போகுது. அதையும் ‘ப்ரோக்ரெஷன்’ங்கறாங்களே?

கூட்டுத் தொடர்வரிசையின் ஆங்கிலப் பெயர் ‘அரித்மெட்டிக் ப்ரோக்ரெஷன்’. இங்கே பொது வித்தியாசம் கழித்தல் 5. வரிசை ஒரே ஒழுங்கில் அடுத்த அடிக்குப் போகிறது, அது போதும். எண் கூடுகிறதா குறைகிறதா என்பது ‘ப்ரோக்ரெஷன்’ என்ற பெயரைப் பாதிப்பதில்லை. முதல் பதிலின் மூன்றாம் பொருள் இதுதான்.

18. ஸ்கேன் ரிப்போர்ட்ல அம்மாவுக்கு ‘ப்ரோக்ரஸ்ஸிவ் டிசீஸ்’னு போட்டிருக்கு. முன்னேற்றம்னா நல்லதுதானே? மருந்து வேலை செய்யுதுன்னுதானே?

இல்லை. இங்கே முன்னே நகர்வது நோய், அம்மா இல்லை. புற்றுநோய் ரிப்போர்ட்டில் ‘ப்ரோக்ரஸ்ஸிவ் டிசீஸ்’ என்றால் நோய் வளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, நல்ல சேதி என்று உறவினர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பிறகு டாக்டர் அறையில் உடைந்துபோவது மிகவும் கொடுமையானது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

இதே ரிப்போர்ட்டில் வரக்கூடிய மற்றச் சொற்கள்: ‘கம்ப்ளீட் ரெஸ்பான்ஸ்’ என்றால் ஸ்கேனில் தெரிந்த நோய் மறைந்திருக்கிறது. ‘பார்ஷியல் ரெஸ்பான்ஸ்’ என்றால் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்திருக்கிறது. ‘ஸ்டேபிள் டிசீஸ்’ என்றால் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிகிச்சையின் நடுவில் இது பல நேரம் நல்ல செய்திதான். ‘நோ எவிடென்ஸ் ஆஃப் ப்ரோக்ரெஷன்’ என்பதில் ‘நோ’ இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நோய் வளர்ந்த அடையாளம் இல்லை என்று பொருள். மாறாக, டாக்டர் ‘ஷி இஸ் ப்ரக்ரெஸ்ஸிங் வெல்’ என்று எழுதினால் அங்கே எழுவாய் அம்மா, அதாவது தேறி வருகிறார்.

‘ப்ரோக்ரஸ்ஸிவ் டிசீஸ்’ என்றால் கை விட்டுவிட்டார்கள் என்றும் பொருள் இல்லை. இப்போதைய மருந்து போதவில்லை, வேறு வழி பார்க்க வேண்டும் என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. அடுத்து என்ன செய்யலாம், எதனால் என்ன பலன், என்ன தொந்தரவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

19. ஆரம்பத்துல இருந்த கட்டியவிட இப்ப சின்னதாத்தான் இருக்கு. அப்படியும் ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’னா எப்படி சார்?

ஒப்பிடுவது ஆரம்பத்தோடு இல்லை என்பதால். கட்டிகளை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை ஒன்றின் இப்போதைய வடிவம் 2009-இல் வெளியானது. தேர்ந்தெடுத்த கட்டிகளின் அளவுகளைக் கூட்டிக்கொள்வார்கள். அந்தக் கூட்டுத்தொகை இதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதமாவது கூடி, அந்தக் கூடுதல் 5 மில்லிமீட்டராவது இருந்தால் ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’. புதிய கட்டி தோன்றினாலும் அப்படியே. குறைவைக் கணக்கிடும்போது மட்டும் ஆரம்ப அளவோடு ஒப்பிடுவார்கள். 30 சதவீதமாவது குறைந்திருந்தால் ‘பார்ஷியல் ரெஸ்பான்ஸ்’.

ஒரு கணக்கு: ஆரம்பத்தில் 100 மில்லிமீட்டர். சில மாதத்தில் 60 ஆனது, 40 சதவீதம் குறைவு, பார்ஷியல் ரெஸ்பான்ஸ். அடுத்த ஸ்கேனில் 75. நூறோடு பார்த்தால் குறைவுதான். ஆனால் அறுபதிலிருந்து 15 மில்லிமீட்டர், அதாவது 25 சதவீதம் ஏறியிருக்கிறது. எனவே ப்ரோக்ரஸ்ஸிவ். அடங்கியிருந்த நோய் மறுபடி எழும்புகிறது என்பதைச் சீக்கிரம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. இதனால் பழைய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள். நடுவில் எடுத்த ஒன்று இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாமல் போகலாம்.

20. டிஸ்சார்ஜ் சம்மரியில ‘நான் ப்ரோக்ரஸ் ஆஃப் லேபர்’னு போட்டு ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. பொண்ணு சரியா முக்கலைன்னு அர்த்தமா?

கிடையவே கிடையாது. ‘லேபர்’ இங்கே பிரசவ வலி. கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும், குழந்தையின் தலை கீழே இறங்க வேண்டும். இரண்டில் ஒன்று நின்றுபோனால் இப்படி எழுதுவார்கள். வலியின் வேகம் போதாமல் இருக்கலாம், தலை திரும்பியிருக்கும் விதம் காரணமாகலாம், தலைக்கும் இடுப்பெலும்புக்கும் அளவு பொருந்தாமல் இருக்கலாம். இவற்றில் எதுவும் அந்தப் பெண்ணின் குறை இல்லை. மாமியார் வீட்டில் யாராவது அப்படிப் பேசினால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த பிரசவத்தைத் திட்டமிட இந்தக் காரணம் டாக்டருக்குத் தேவைப்படும் என்பதால் அந்த சம்மரியைத் தொலைக்காதீர்கள்.

21. அப்போ ஆஸ்பத்திரில ‘ப்ரோக்ரஸ்ஸிவ்’னு வந்தாலே கெட்டது, ‘நான் ப்ரோக்ரஸ்ஸிவ்’னு வந்தா நல்லதுன்னு வச்சிக்கலாமா?

அப்படி மனப்பாடம் செய்ய வேண்டாம். குழந்தையின்மைக்கான விந்துப் பரிசோதனையில் ‘ப்ரோக்ரஸ்ஸிவ் மொட்டிலிட்டி’ என்று ஒரு வரி வரும். முன்னோக்கி நீந்தும் அணுக்களின் சதவீதம் அது. அங்கே கூடுதலாக இருப்பதுதான் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு 30 சதவீதம், 2010 கையேட்டில் 32 என்று இருந்தது. அதனால் பழைய ரிப்போர்ட்டிலும் புதிய ரிப்போர்ட்டிலும் பக்கத்தில் அச்சிட்ட எண் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் ஃபைலில் ‘நான் ப்ரோக்ரஸ்ஸிவ்’ என்று எழுதுவார்கள். குழந்தை முன்னேறாது என்று அதற்குப் பொருள் இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் வளராது என்று பொருள். பயிற்சியால் குழந்தை உட்கார, நிற்க, பேசக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. இந்த ஒரு வரியைத் தவறாகப் படித்துப் பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள்.

22. ப்ரோக்ரஸுக்கு எதிர்ப்பதம் இன்னா?

‘ரிக்ரெஸ்’, பின்னால் போவது. தற்காலிகப் பின்னடைவு ‘செட்பேக்’. நகராமல் நிற்பது ‘ஸ்டாண்ட்ஸ்டில்’. ‘ரிக்ரெஷன்’ என்று கட்டியைப் பற்றி எழுதியிருந்தால் கட்டி சுருங்குகிறது. சந்தோஷப்பட வேண்டிய சொல். பேச்சுப் பழகிய குழந்தை பேச்சை விட்டுவிட்டது என்பதற்கும் அதே சொல்தான்; அது உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியது. எது பின்னால் போகிறது என்று பாருங்கள்.

23. வீட்டுல பெரியவங்களுக்குத் தமிழ்லதான் சொல்லணும். ‘நோய் முன்னேற்றம்’னு சொன்னா தப்பா புரிஞ்சிக்கறாங்க. வேற எப்படி சொல்றது?

நோய்க்கு ‘முன்னேற்றம்’ என்ற சொல்லைத் தொடவே தொடாதீர்கள். தமிழில் அது நல்லதை மட்டுமே சொல்லும். நோய்க்கு ‘கூடியிருக்கு’, ‘பரவியிருக்கு’, ‘முத்தியிருக்கு’ என்ற சொற்கள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றில்லை. இருந்த இடத்திலேயே பெரிதானால் ‘கூடியிருக்கு’. புதிய இடத்தில் வந்திருந்தால் ‘பரவியிருக்கு’. ‘முத்திடுச்சி’ என்பது கேட்பவர் மனதில் முடிவு என்றே விழும், ஆகவே டாக்டரே அப்படிச் சொன்னால் ஒழிய வேண்டாம். ஆளைப் பற்றிச் சொல்லும்போது ‘தேறி வர்றாரு’, ‘பரவாயில்ல’.

டாக்டரிடம் கேட்கும்போதும் பொதுவாக ‘ப்ரோக்ரஸ் எப்படி சார்?’ என்று கேட்காமல், ‘நோய் கூடியிருக்கா, அப்படியே இருக்கா, குறைஞ்சிருக்கா?’ என்று ஒரு கேள்வி, ‘அவர் உடம்பு தேறியிருக்கா?’ என்று இன்னொரு கேள்வி, தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வேறு வேறாக வரலாம். இரண்டையும் தேதியோடு ஃபைலின் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்தால், அடுத்த முறை கூட வருபவர் மகனோ மருமகளோ யாராக இருந்தாலும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.